படம் முடியும்வரை: பழனி மலைச்சாரலில் மூன்று டிஸ்க் பெட்டியின் காலம்

ஒரே பெட்டிக்குள் மூன்று சி.டி. வைக்கும் வசதி எதற்கு? பாட்டுகளை மாற்றி மாற்றிக் கேட்கலாம், ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் டிஸ்க்கை மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் வழக்கமான பதில். விருந்து வைத்து, பலவகை இசையைக் கலந்து கேட்கும் வீடுகளுக்கு அது சரியாக இருக்கலாம். கொடைக்கானல், அதற்கு மேலே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற மலை ஊர்கள், கீழே பழனி, வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று விரியும் இந்த வட்டாரத்துக்கு அந்தப் பதில் போதாது. தொடங்கிய ஒன்றை அறுபடாமல் கேட்டு முடிக்கவும் பார்த்து முடிக்கவும்தான் பல டிஸ்க் பெட்டி இங்கே தேவைப்பட்டது என்பது என் வாதம். தமிழ்க் கேள்விப் பழக்கத்தின் அளவுக்கு ஒரு தட்டு எப்போதுமே சிறியதாக இருந்தது. அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு நூறு ஆண்டுகள் கழிந்தன. சி.டி. பெட்டியின் சுழலும் தட்டம் அந்த வரலாற்றில் கடைசிக்கு முந்தைய அத்தியாயம்.

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் பதிவு செய்ய முடிந்தது. ஐரோப்பாவின் பெரிய இசைக்கோவைகளுக்கே அது பெரும் தொல்லையாக இருந்தது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை 1913-ல் ஆர்தர் நிகிஷ் நடத்திப் பதிவு செய்தபோது அது எட்டுப் பக்கங்களை நிரப்பியது. தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே இயங்கும் மாற்றிப் பெட்டிகள் 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் சந்தைக்கு வந்ததற்கு இந்த நீளச் சிக்கல் முக்கியக் காரணம். அந்தப் பெட்டிகளுக்கென்றே முதல் தட்டின் பின்பக்கத்தில் இரண்டாம் பகுதியைப் பதியாமல், அடுத்த தட்டின் முன்பக்கத்துக்கு அதைத் தள்ளிப் பதிந்த தொகுதிகள் தனியாக விற்கப்பட்டன. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் இன்பத்துக்காகக் காசு போட்டு இயக்கும் ஜூக்பாக்ஸ் பரவியது அதற்குப் பிறகு. ஆகவே பல தட்டுப் பெட்டி பிறந்த இடத்திலேயே நீளம்தான் முதல் தேவை, தேர்வு இரண்டாவது.

தமிழில் அந்தத் தேவை இன்னும் கடுமையானது. விடிய விடிய நடந்த மேடை நாடகத்தையும், ஒரு ராகத்தையே ஒரு மணி நேரம் விரிக்கும் கச்சேரியையும் வைத்திருந்த மக்களுக்கு மூன்று நிமிடத் தட்டு கைக்கு வந்தது. பாடகர்கள் ஆலாபனையைச் சுருக்கினார்கள். நாடகங்கள் பல தட்டுகள் அடங்கிய செட்டுகளாக வந்தன. அவற்றைக் கேட்க ஒருவர் பெட்டியின் அருகிலேயே உட்கார்ந்து சாவி கொடுக்கவும் ஊசி மாற்றவும் தட்டைத் திருப்பவும் வேண்டியிருந்தது. கல்யாணத்திலும் கோயில் கொடையிலும் அந்த வேலையை ஊதியத்துக்குச் செய்தவர் ரேடியோ செட்காரர். மதுரை, திண்டுக்கல் பக்கத்தில் மைக் செட், ரேடியோ செட் என்று வழங்கும் அந்தத் தொழிலின் மையத் திறமை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் மௌனம் விழாமல் பார்த்துக்கொள்வது. கூம்பு ஒலிபெருக்கி ஓய்ந்தால் விழாவே ஓய்ந்ததாக ஊர் எண்ணும். இயந்திரம் பின்னாளில் செய்ததை அவர் கையால் செய்தார்.

எல்.பி. தட்டு இந்தக் கட்டாயத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்ததும் தமிழ்ச் சந்தையில் எவை ஓடின என்று பார்த்தால் வாதத்துக்கு வலு கிடைக்கிறது. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் ஏறக்குறைய இருபது நிமிடம் நீள்வது. 78 சுழற்சித் தட்டில் அதை ஆறு, ஏழு துண்டாக வெட்டியிருக்க வேண்டும். பாராயணம் என்பது இடையில் நிற்கக் கூடாத ஒன்று. நிறுத்தாமல் ஓதக் கூடிய வடிவம் கிடைத்த பிறகுதான் கவசம் வீட்டுக்கு வீடு காலைக் குரலானது. பழனியில் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நடந்து வருபவர்களுக்காக வழி நெடுக ஒலித்தவையும், அடிவாரத்துக் கடைகளில் கேசட்டாகவும் பிறகு சி.டி.யாகவும் விற்றவையும் இத்தகைய நீண்ட பாராயணங்களும் முருகன் பாடல் தொகுப்புகளும்தான். அதே காலத்தில் திரைப்படக் கதை வசனங்களும் தட்டாக வந்து வெற்றி பெற்றன. படத்தைக் கண்ணால் பார்க்க வழியில்லாத இடத்தில், முழுப் படத்தையும் காதால் கேட்கும் ஆசை அது. வேறு எந்த ஆசைக்கும் திருவிளையாடலின் வசனத்தை மனப்பாடமாகும் அளவுக்கு ஓடவிட்டிருக்க முடியாது.

மலைக்கு இதில் தனிப் பங்கு உண்டு, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் நிற்கும் கொடைக்கானல், தட்டுகளுக்குப் போட்டியான இன்னொரு ஒலியின் பாதையில் இருந்தது. 1952-ல் பி.வி. கேஸ்கர் அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியது. 1957 அக்டோபரில் விவித் பாரதி வரும்வரை, அதற்குப் பிறகும் நெடுங்காலம், தென்மாவட்டங்களுக்குத் திரைப்பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகத்திலிருந்து திரும்பிய குடும்பங்களில் ஒரு பகுதி இந்த மலைகளில் குடியேறியபோது, அவர்கள் அங்கே விட்டுவந்த ஊரின் ஒலிபரப்பே இங்கும் கேட்டது. 1982 பிப்ரவரியில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபோதும் அதே கதை. பிதுருதலாகலை உச்சியிலிருந்து வந்த அலையைப் பிடிக்க, சென்னைத் தொலைக்காட்சி எட்டாத தென்மாவட்டங்களில் உயரக் கம்பங்கள் நட்டு ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். 1980-களில் கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி ஒளிபரப்பு நிலையம் வந்தபிறகுதான் வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் படம் என்னும் வாராந்தர ஒழுங்கு தெற்கு முழுவதற்கும் பொதுவானது.

பின்னர் வந்தது கொடைக்கானல் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். பத்துக் கிலோவாட் அலைபரப்பிதான், ஆனால் அது நிற்கும் இடம் அதன் பலத்தைப் பல மடங்காக்கியது. பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. சமவெளிக்கு மேல் 1,800 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கோபுரம் நின்றால் அதன் அடிவானம் ஏறக்குறைய 175 கிலோமீட்டர் தள்ளி விழும். மதுரை, தேனி, திண்டுக்கல், கரூர், திருச்சி என்று ஒரு பெரும் நிலப்பரப்பு ஒரே நிலையத்தைத் தெளிவாகக் கேட்டதற்குக் காரணம் இதுதான். தேநீர்க் கடையிலும் பேருந்திலும் தறிக்கூடத்திலும் அது நாள் முழுக்க ஓடியது. இதே இயற்பியல் மலைக்குள்ளே எதிர்மாறாகவும் வேலை செய்கிறது. நேர்கோட்டில் போகும் அலைக்கு மலைமுகடுகள் மறைப்பாகும். கோபுரம் மலையில் இருக்க, அதே மலையின் மடிப்புகளுக்குள் இருக்கும் பள்ளத்தாக்கு ஊர்களில் வரவேற்பு வீட்டுக்கு வீடு மாறும். அத்தகைய இடங்களில் கேபிள் கம்பி இழுப்பதும் லாபமில்லாத வேலை. மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் நகரத்துக்கே 30 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. இரவுக் காட்சி பார்த்துவிட்டு வீடு திரும்புவது நடக்கிற காரியமல்ல. அங்கே முழுப் படம் வேண்டும் என்றால் அது பொருளாக, கையில் எடுத்துப் போகக் கூடியதாக, மலையேறி வர வேண்டியிருந்தது.

முதலில் அப்படி ஏறி வந்தது வீடியோ டெக். தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் கேளிக்கை வரலாற்றை எழுதுகிறவர்கள் டெக்குக்கு உரிய இடம் தருவதில்லை, அது பெரிய குறை. டிவியும் டெக்கும் ஓரிரவு வாடகைக்கு வரும், காதணி விழாவிலோ சடங்கு வீட்டிலோ பொங்கல் இரவிலோ விடியும்வரை மூன்று படம் ஓடும். நாடகம் விட்டுப்போன இடத்தை அது அப்படியே நிரப்பியது. இதில் தொழில்நுட்ப விவரம் ஒன்று முக்கியம். நம் நாட்டில் பரவலாகப் புழங்கிய ஈ-180 வீடியோ கேசட் 180 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் எதுவும் ஒரே கேசட்டில் அடங்கிவிடும், தில்லானா மோகனாம்பாள் போன்ற நீண்ட படமும் ஏறக்குறைய அடங்கும். படம் தேய்ந்திருந்தாலும் கோடு விழுந்தாலும் அறுபடாது. நீளத்தைப் பொறுத்தவரை நாடா, தமிழ் வீட்டுக்கு நிறைவான கருவியாக இருந்தது.

அந்த நிறைவைக் குலைத்தது வி.சி.டி. 1993-ல் வகுக்கப்பட்ட இந்த வடிவம், சாதாரண சி.டி.யிலேயே சுருக்கிய படத்தைப் பதிந்தது. ஒரு டிஸ்க்குக்கு 74 நிமிடம். அமெரிக்கப் படம் இரண்டு டிஸ்க்கில் அடங்கும். நூற்றறுபது நிமிடத் தமிழ்ப் படத்துக்கு மூன்றாவது டிஸ்க் வேண்டும், அல்லது 80 நிமிட டிஸ்க்கில் நெருக்கி இரண்டாக்க வேண்டும். படையப்பா போல மூன்று மணி நேரத்தைத் தொடும் படத்துக்கு மூன்றும் தேவை. வெட்டு விழும் இடம் தியேட்டர் இடைவேளையோடு பொருந்துவதில்லை. பாட்டின் நடுவிலோ சண்டையின் நடுவிலோ திரை இருண்டு நிற்கும். பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒருவர் எழுந்து அடுத்த டிஸ்க்கைத் தேடுவார். விலையிலும் பராமரிப்பிலும் முன்னேற்றமாக வந்த வடிவம், நீளத்தில் ஒரு தலைமுறை பின்னால் போனது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் மூன்று டிஸ்க் பெட்டி வந்து அமர்ந்தது. 1990-களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் ஜப்பானிய, இந்திய நிறுவனங்கள் இரண்டும் விற்ற மூன்று சி.டி. மினி சிஸ்டங்களை இந்தக் கோணத்தில் பார்த்தால், ஒரு முழுப் படம் உட்காரும் அளவுக்கு இடம் உள்ள பெட்டி என்பது விளங்கும். மூன்று என்ற எண்ணிக்கை தற்செயலாகக்கூட இருந்திருக்கலாம். தமிழ்ப் படத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

தியேட்டரிலும் அதே ஏற்பாடு இருந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. 1993-ல் ஜுராசிக் பார்க் படத்தோடு வந்த டி.டி.எஸ். முறையில் டிஜிட்டல் ஒலி படச்சுருளில் இல்லை. அந்த ஒலிக்கான நேரக் குறியீடு மட்டும் சுருளில் இருக்கும். அதைப் படித்து, ப்ரொஜெக்டர் அறையில் உள்ள கருவி தனி சி.டி.ராம் டிஸ்க்குகளிலிருந்து ஆறு தட ஒலியை எடுத்து வழங்கும். நீண்ட படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் தேவைப்படும் என்பதால் கருவியிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட டிரைவ்கள் இருந்தன; ஒன்று முடிய மற்றொன்று இடையறாமல் தொடரும். 1996-ல் வந்த கருப்பு ரோஜா தமிழின் முதல் டி.டி.எஸ். படமாக அறியப்படுகிறது. அதன்பின் சிற்றூர்த் தியேட்டர் சுவரொட்டிகளிலும் டி.டி.எஸ். என்ற மூன்றெழுத்து நடிகர் பெயருக்கு இணையாக ஏறியது. வீட்டில் தியேட்டர் வேண்டும் என்று விரும்பியவர், அறிந்தோ அறியாமலோ, பல டிஸ்க் கருவி ஒன்றையே வீட்டுக்கு அழைத்தார். ஒரு வேறுபாடு மட்டும் பெரியது: தியேட்டரின் கருவி ஆறு தடம் தந்தது, வி.சி.டி. இரண்டு தடமே தந்தது. வி.சி.டி.யோடு ஐந்து ஸ்பீக்கர் வாங்கியவர்கள் பின்பக்க ஸ்பீக்கரில் கேட்டது கருவி கற்பனையாகப் பிரித்த ஒலியை. உண்மையான ஆறு தடத்துக்கு டி.வி.டி. வேண்டியிருந்தது.

எனவே தேர்வு என்று வரும்போது விவரமறிந்தவர்கள் பார்த்தது வேறு சில விஷயங்களை. மூன்று அல்லது ஐந்து டிஸ்க்கை வட்டமாக ஏந்தும் சுழல் தட்டம் ஒரு வகை. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றவற்றை மாற்றலாம், பழுதானால் உள்ளூர் மெக்கானிக் திறந்து பார்த்துப் பெல்ட் மாற்றலாம். ஆறு டிஸ்க்கை உறைக்குள் செருகும் வகை காருக்குப் பொருத்தம், வீட்டில் உறை சிக்கினால் எல்லா டிஸ்க்கும் உள்ளே மாட்டும். அசையும் பாகம் கூடக் கூடப் பழுதும் கூடும் என்பதால் ஒரே டிஸ்க் பெட்டிதான் நல்லது என்ற ஆலோசனையில் பாதி நியாயம் உண்டு. கொடைக்கானலில் இதற்குக் குளிரும் சேர்ந்துகொள்கிறது. மார்கழி, தை இரவுகளில் வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே போகும் ஊரில், குளிர்ந்த பெட்டி சூடான அறையில் இயங்கத் தொடங்கினால் லேசர் லென்ஸ் மேல் நீராவி படியும், டிஸ்க் படிக்காது. சிறிது நேரம் பெட்டியை அப்படியே விட்டுவைத்தால் சரியாகிவிடும். அது தெரியாமல் லென்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டுவது எளிது. மின்வெட்டு இன்னொரு சோதனை. மின்சாரம் திரும்பியதும் நின்ற இடத்தை நினைவில் வைத்திருக்காத பெட்டி முதல் டிஸ்க்கிலிருந்து தொடங்கும். அறுபடாமைக்காக வாங்கிய கருவிக்கு இந்த நினைவாற்றல்தான் அத்தியாவசியம், ஸ்பீக்கரின் வாட் கணக்கு அதற்கு அடுத்ததுதான்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக் கூடியவற்றில் வலுவானது திருட்டு வி.சி.டி. பற்றியது. புதுப் படத்தை மலிவாகப் பார்க்கும் ஆசைதான் வி.சி.டி.யைப் பரப்பியது, நீளம், பாராயணம் என்பதெல்லாம் பின்னால் ஒட்டிய விளக்கம் என்று ஒருவர் சொல்லலாம். திருட்டு வி.சி.டி.யின் பரவலை மறுக்க முடியாது. 2004-ல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தையே திருத்தி வீடியோ திருடர்களை அதில் சேர்த்தது. மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் சட்டப்படி விற்க இறங்கியதும் திருட்டு டிஸ்க்கோடு விலையில் மோதத்தான். ஆனால் திருட்டு என்ற காரணம், டிஸ்க் ஏன் வாங்கினார்கள் என்பதை விளக்குமே தவிர, மூன்று டிஸ்க் பெட்டி ஏன் வேண்டியிருந்தது என்பதை விளக்காது. இதைச் சோதிக்கத் திருட்டே நுழைய முடியாத ஒரு சரக்கைப் பார்க்கலாம்: கல்யாண வி.சி.டி. நிச்சயம், முகூர்த்தம், வரவேற்பு என்று வீடியோகிராபர் எடுத்ததை இரண்டு, மூன்று டிஸ்க்காகப் பதிந்து உறையில் போட்டுத் தந்தார். யாரும் அதைக் கள்ளத்தனமாக விற்கவில்லை. அதுவும் ஒரு டிஸ்க்கில் அடங்கவில்லை, அதையும் உறவினர் கூடி உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார்கள். கோயில் திருவிழா, காவடி, ஊர்ப் பாதயாத்திரை ஆகியவற்றின் வீடியோக்களும் அப்படித்தான்.

கடையில் வந்ததை வாங்கினார்கள், அண்டை வீட்டுக்காரர் வாங்கியதால் வாங்கினார்கள் என்பது இன்னொரு எதிர்வாதம். பெருமைக்காக வாங்குவது எல்லாப் பொருளுக்கும் உண்டு. ஒரு பொருள் எதற்காகப் பயன்பட்டது என்பதை அது எதனால் மறைந்தது என்பதிலிருந்து அறியலாம். எம்.பி.3 வந்தபோது ஒரு சி.டி.யில் பன்னிரண்டு மணி நேரப் பாட்டு அடங்கியது, அதாவது சுமார் நூற்றைம்பது பாட்டு. நிறையத் தேர்வு வேண்டும் என்பதே நோக்கமானால் மூன்று டிஸ்க் பெட்டி முன்னைவிட அருமையாகியிருக்க வேண்டும், ஏனெனில் இப்போது அதில் நானூற்றைம்பது பாட்டு ஏற்றலாம். நடந்தது நேர்மாறு. ஒரு டிஸ்க்கே போதும் என்றானதும் மற்ற இரண்டு இடமும் வெறுமையாயின. டி.வி.டி.யில் ஒரு முழுத் தமிழ்ப் படம் ஆறு தட ஒலியோடு அடங்கியது. லண்டனிலிருந்து ஐங்கரன் இன்டர்நேஷனல் போன்ற நிறுவனங்கள் புலம்பெயர்ந்த தமிழருக்காக வெளியிட்ட டி.வி.டி.கள் இதைக் காட்டின. பிறகு பல படங்களைச் சுருக்கி ஒரே டிஸ்க்கில் ஏற்றினார்கள், அடுத்துப் பெட்டியின் முகப்பிலேயே யு.எஸ்.பி. துளை வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் நீளத்துக்கு விடை கிடைத்தது, ஒவ்வொரு கட்டத்திலும் மாற்றிப் பெட்டி பின்வாங்கியது.

பண்பலை இருக்கும்போது டிஸ்க் எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. கோபுரம் அறுபடாத ஒலியை இலவசமாகவே தந்தது. அதனால்தான் சமவெளியின் கடைகளில் அது விடியலிலிருந்து இரவு வரை நின்றது. ஆனால் அது தந்தது பாட்டின் நீளம், கதையின் நீளம் அல்ல. ஒரு படத்தை, ஒரு கல்யாணத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வானொலி தராது. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கு மேல் பெட்டிகளை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தபோது, மடிப்புக்குள் இருந்த மலை வீட்டிலும் திரை வந்துவிட்டது, சேனல் வந்து சேர நேரமாகும் நிலையில் டிஸ்க் பெட்டி அதற்குத் தீனி போட்டது.

78 சுழற்சித் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், எல்.பி.க்கு இன்று மறுபடியும் சந்தை இருக்கிறது. வீட்டில் எழுதிய வி.சி.டி.யைக் கேட்பாரில்லை. அழுத்தி அச்சிட்ட சினிமா டிஸ்க்குகளின் மூலம் வேறெங்காவது இருக்கும். கல்யாண டிஸ்க்கும் திருவிழா டிஸ்க்கும் வீடியோகிராபர் எழுதிய சாயப் படலத்தில் மட்டுமே இருப்பவை. அந்தச் சாயம் வெளிச்சத்திலும் ஈரத்திலும் மங்கும், பழனி மலையின் மழைக்கால ஈரத்தில் டிஸ்க்கின் மேல் பூஞ்சணமும் பிடிக்கும். 1990-களின் கடைசியிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் காலத்தின் மலை ஊர்ச் சடங்குகள், பேச்சு, உடை, பாட்டு, இப்போது இல்லாத மனிதர்களின் நடமாட்டம், எல்லாம் மூன்று மூன்று டிஸ்க்காக உறைகளுக்குள் கிடக்கின்றன. ஓடுகிற நிலையில் ஒரு பெட்டியும் ஒரு கணினியும் இருந்தால் இன்னும் படியெடுக்கலாம். கொடைக்கானலிலும் பழனியிலும் உள்ள கல்லூரிகளோ நூலகங்களோ, பழைய வீடியோகிராபர்களோடு சேர்ந்து இதை இந்தச் சில ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். செலவு மிகக் குறைவு. முதலில் செய்ய வேண்டியது வீடு வீடாகக் கேட்டு, எந்த உறையில் எத்தனை டிஸ்க் இருக்கிறது, அதில் எது இன்னும் படிக்கிறது என்று பட்டியல் எடுப்பது.